இடது மூலையில் முத்துமாரியின் மெஷின்

ஜெயசீலி இருக்கும் இடத்தில் யாரும் ரகசியம் பேச முடியாது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பக்கம் நிற்கிற இரண்டு பேர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று இந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அவள் கணவர் கிறிஸ்துராஜ் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். வீட்டில் போன் வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக அப்பர் தைக்கிறவளோடு குடித்தனம் நடத்துகிறவர் வேறு என்னதான் செய்வார்.

அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். அதைத் தைக்கிற ஹாலில் நானூறு மெஷின்கள் இருக்கின்றன. தோல் ஓரத்தைச் சீவுகிற மெஷின்கள் தனி, மடித்த ஓரத்தைத் தட்டுகிற சுத்தியல்கள் தனி. அங்கே பக்கத்து மெஷின்காரியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்தியும் பிரயோஜனமில்லை. சத்தமே போடாமல் உதட்டை அசைத்தால் போதும், அவளுக்குப் புரிந்துவிடும். சேர்ந்த மூன்றாம் மாதத்தில் எல்லாப் பெண்களுக்கும் இது வந்துவிடுகிறது. வரன் பார்த்த கதை, மாமியார் சண்டை, நேற்றைய சீரியல் எல்லாம் இப்படியே ஓசையில்லாமல் லைன் முழுக்கப் போய் வரும். நடுவில் நடக்கிற சூப்பர்வைசருக்கு ஒன்றும் தெரியாது. பாவம், அவர் காதை நம்புகிற மனிதர்.

அந்த ஹாலில் ஜெயசீலிக்கு மிகவும் பிடித்த விஷயம் கரண்ட் போவது. நானூறு மெஷின்களும் ஒரே மூச்சில் நின்றுவிடும். ஜெனரேட்டர் பிடிக்க எட்டு நொடி ஆகும், எண்ணிப் பார்த்திருக்கிறாள். அந்த எட்டு நொடியில் ஒருத்தியும் பேச மாட்டாள். தகரக் கூரைமேல் புறா நடப்பது கேட்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை, தன் கண்ணாடி வளையல் தன் கையிலேயே உரசுகிற சத்தம் கேட்டு அவள் திடுக்கிட்டுப்போனாள். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சர்ச்சில்கூடத் தனக்கு அப்படி ஒரு பயபக்தி வந்ததில்லை என்று பக்கத்து மெஷின் முத்துமாரியிடம் மட்டும் சொன்னாள், அதுவும் உதட்டால்.

சர்ச் பேச்சை இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கொரோனா சமயத்தில் ஆராதனையை நேரலையில் காட்ட ஆரம்பித்தபோது, மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை கிடைத்துப் போய்விட்டார். யாராவது அந்தப் பொத்தானை ஏற்றி இறக்குங்கள் என்று போதகர் கெஞ்சினார். பாடகர் குழுவில் ஓரமாக நின்றிருந்த ஜெயசீலி போய் உட்கார்ந்தாள். முதல் வேலையாக எக்கோவைக் குறைத்தாள். நம் ஊர் மைக்செட்காரர்களுக்கு எக்கோ இல்லாமல் மனிதக் குரலைக் கேட்டாலே வெட்கமாக இருக்கும்போல. கல்யாணமோ காதுகுத்தோ கன்வென்ஷன் கூட்டமோ, ஒரு ‘ஹலோ’ சொன்னால் நாலு ‘லோ’ வந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. ஜெயசீலி உட்கார்ந்த பிறகு பிரசங்கம் தெளிவாகக் கேட்கிறது என்று துபாயிலிருந்தெல்லாம் செய்தி வந்தது. அதற்குப் பிறகு அந்த நாற்காலியை அவளிடமிருந்து யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் பாலாற்றுப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து சூரியபிரகாஷ் என்ற மாணவன் கார்ட்லெஸ் மைக் கடன் கேட்டு சர்ச்சுக்கு வந்தான். பாடகர் குழுவில் இருக்கிற ஹெப்சிதான் அவனைக் கூட்டி வந்தாள். இரண்டு பேரும் மூன்றாம் ஆண்டு. சூரியபிரகாஷ் பிசிக்ஸ் படிக்கிறான், ஊர் திமிரி. பதினொரு பாட்டு வைத்து அவன் ஒரு நாடகம் எழுதியிருந்தான். பெயர் ‘மூன்றாவது லைன்’. ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டே பாடுகிற ஒரு பெண்ணின் கதை, அவளாக நடிப்பது ஹெப்சி. இத்தனைக்கும் அவன் ஷூ கம்பெனி வாசற்படியை மிதித்தது கிடையாது. நாடகத்துக்காக இணையத்தில் எடுத்து வைத்திருந்த தையல் மெஷின் சத்தத்தைப் பெருமையாகப் போட்டுக் காட்டினான்.

ஜெயசீலி சிரித்துவிட்டாள். “இது ஜாக்கெட் தெக்கற மெஷின் தம்பி. எங்க கம்பெனிய டைலர் கடையா ஆக்கிட்டியே.”

“அப்ப உங்க மெஷின் எப்டி இருக்கும் ஆன்ட்டி?”

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கையால் மேஜையைத் தட்டிப் பார்த்தாள், வாயால் செய்து பார்த்தாள், ஒன்றும் சரிப்படவில்லை. “பதிவு பண்ணி எடுத்தாறேன்” என்றாள். மைக் கடன் கொடுக்கப்போனவள் நாடகத்தின் ஒலி முழுவதையும் பார்த்துக்கொள்பவளாக ஆனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

சொன்ன அளவுக்கு அது லேசாக நடக்கவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மேனேஜரிடம் நாலு தடவை நடந்தாள். நாடகத்துக்குத் தன்னை முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் இறங்கி வந்தார். வேலை நிற்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். ஆகவே டீ நேரம்தான் கிடைத்தது. அன்றைக்கு மூன்றாவது லைனில் முப்பது பெண்கள் டீக்குப் போகாமல் கழிவுத் தோலை வைத்துப் பத்து நிமிஷம் மெஷின் ஓட்டினார்கள். கல்லூரி கொடுத்த சின்ன ரெக்கார்டரைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஜெயசீலி மெஷின் மெஷினாகப் போனாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருந்தது. ஒன்று மூக்கால் அழுதது, ஒன்று அவசரப்பட்டது. முத்துமாரியின் மெஷின் பத்துத் தையலுக்கு ஒருமுறை ‘டக்’ என்று தடுக்கும். மெக்கானிக் ஏழு தடவை பார்த்தும் போகாத தடுக்கல் அது.

முத்துமாரி குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“டீய விட்டுட்டு ஓட்டியிருக்கறோம்” என்றாள். “நாலு பஸ்ல எரநூறு பேரு வர்றோம். அங்க வந்து உக்காந்தா எங்க மெஷினும் கேக்கணும், அந்தப் பொண்ணு பாடறதும் கேக்கணும். கேக்கலன்னா திங்கக்கெழம லைன்ல உன்ன இன்னா பண்றன் பாரு.”

கல்லூரி அரங்கில் அறுநூறு நாற்காலிகள். ஜெயசீலி ஒரு நாள் முழுக்க அங்கே கை தட்டிக்கொண்டே சுற்றினாள். எந்த மூலையில் தட்டினால் சத்தம் எங்கே போய் முட்டுகிறது என்று பார்த்தாள். பிறகு நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்து, முப்பது மெஷின்களையும் லைனில் இருக்கிற வரிசைப்படியே பிரித்துப் போட்டாள். முத்துமாரி பின்பக்கம் இடது மூலை. சூரியபிரகாஷ் லேப்டாப்பில் அவள் சொன்னபடியெல்லாம் செய்தான். முதல்முறை எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டபோது, ஆளில்லாத அந்த அரங்குக்குள் கம்பெனி வந்து இறங்கியது. தரை அதிர்ந்தது. வாட்ச்மேன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். சூரியபிரகாஷ் நடு அரங்கில் நின்று ஒவ்வொரு மூலையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பத்தொன்பது வருஷம் தான் குடியிருந்த சத்தத்தை ஜெயசீலி அன்றைக்குத்தான் வெளியே நின்று கேட்டாள். இவ்வளவு பெரியதா இது, இதற்குள்ளேயா இருந்தோம் என்று கண் கலங்கிவிட்டது.

ஒத்திகைகள் நன்றாகவே போயின. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நாடகம், ஒரே ஒரு காட்சி. புதன்கிழமை முழு ஒத்திகை. நாடகத்துக்குப் பொறுப்பான தமிழ்ப் பேராசிரியை நசீமுன்னிசா கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் விடைத்தாள் கட்டை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஜெயசீலி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“எப்டி இருந்துச்சு மேடம்?”

“மெஷின் சத்தம் ஜோரா இருக்குதும்மா. பாட்டுலதான் ஒரு வார்த்தகூட வெளங்கல.”

ஜெயசீலிக்குச் சுருக்கென்றது. “நீங்க பேப்பர் திருத்திட்டு இருந்தீங்களே மேடம்.”

“கையிதாம்மா திருத்துச்சு. காது சும்மாதான இருந்துச்சு.”

எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டதே என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டு ஜெயசீலி மிக்ஸருக்குத் திரும்பினாள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. பேராசிரியை குனிந்திருந்தார். அவளோ மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெப்சியை மறுபடி பாடச் சொன்னாள். இந்த முறை மேடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். மெஷின்கள் ஓடின. பாட்டு எங்கேயோ கிணற்றுக்குள் கிடந்தது. ஒரு மாதமாக அவள் மெஷின் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். வார்த்தைகளை ஹெப்சியின் உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, காதால் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஊரைத் தவிர வேறெங்கே ஒருத்தி இப்படி ஒரு தப்பைச் செய்வாள்.

அதோடு போயிருந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மெஷின்களைச் சுத்தமாக நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டியபடியே இன்னொரு முறை பாடச் சொன்னாள். அரங்கில் வேறு சத்தமே இல்லை.

ஊசி ஓடுது ஒரு பக்கம்
மனசு ஓடுது மறு பக்கம்
சூப்பர்வைசர் வர்றாரு பாரு
சொக்கா மேல சாம்பாரு

அவள் காதுக்கு ‘ஊசி’யில் ஊ மட்டும் வந்தது. சொக்காயில் ‘ஒக்கா’ வந்தது, சாம்பாரில் ‘ஆம்பாரு’ வந்தது. சகரம் இருக்கிற இடமெல்லாம் ஓட்டை. கையை உயர்த்தி வளையலைக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். வளையல் ஆடியது, சத்தம் வரவில்லை. கரண்ட் போகிற நேரங்களில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷமாகிறது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் கிறிஸ்துராஜிடம் சொல்லிவிட்டு அழுதாள். அவர் எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

“நான் முதுகக் காட்டிப் பேசுனா நீ எதையும் கேட்ட மாதிரி காட்டிக்கறதில்லன்னு எனக்குத் தெரியும் சீலி. நீதான் மரியாதைக்குக் கண்டுக்காம இருக்கறேன்னு நெனச்சேன்.”

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலூரில் காது டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு டோக்கன் போட்டார். ஆனால் நாடகம் சனிக்கிழமை. பாதி காதை வைத்துக்கொண்டு அறுநூறு பேருக்குச் சத்தம் வைப்பது சரியா என்ற கேள்வி அவளை விடியும்வரை போட்டு வாட்டியது. சொல்லாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. சொன்னால் சூரியபிரகாஷ் வேறு ஆளைத் தேடுவான், அவன் நாலு ‘லோ’க்காரனாகத்தான் இருப்பான். முத்துமாரி டீயை விட்டுவிட்டு ஓட்டிய மெஷினை அவன் கையில் கொடுக்க வேண்டிவரும்.

வியாழக்கிழமை போய் சூரியபிரகாஷ், ஹெப்சி இரண்டு பேரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். சூரியபிரகாஷ் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஆள மாத்தணும்னா மாத்திக்க தம்பி, நான் தப்பா நெனைக்க மாட்டேன்” என்றாள் ஜெயசீலி. “ஆனா ஒண்ணு யோசிச்சுக்க. பின்னாடி உக்காரப்போறவங்க எரநூறு பேரு. எல்லாரும் என்கூட அதே ஹால்ல இருக்கறவங்க. என் காது இப்டின்னா அவங்க காது மட்டும் எப்டி இருக்கும்? முன்னாடி இருக்கறவங்களுக்கு கேக்கற மாதிரி வெச்சா பின்னாடி பாதிதான் போவும்.”

இதை அவள் வரும் வழியில் ஆட்டோவில்தான் கண்டுபிடித்திருந்தாள்.

“அப்ப இன்னாதான் பண்ணலாம் ஆன்ட்டி?” என்று ஹெப்சிதான் கேட்டாள்.

“கையில புடிக்கற மைக்க தூக்கிப் போட்டுட்டு காலர் மைக் மாட்டு. ஒதட்ட எதுவும் மறைக்கக் கூடாது, மொகத்துல நல்லா லைட் அடிக்கணும். கடைசிப் பாட்டுல முதல் நாலு வரிக்கு மெஷின் முழு சத்தத்துல ஓடட்டும். உன் மைக்க நான் மூடிடறேன். நீ பாடு.”

“பாட்டு கேக்காதே ஆன்ட்டி” என்றான் சூரியபிரகாஷ்.

“உனுக்குக் கேக்காது.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிசிக்ஸ்காரன் இல்லையா, அவனுக்கு மெதுவாகப் புரிந்தது. புரிந்ததும், “அப்புறம்?” என்றான் ரகசியம் கேட்கிறவன் மாதிரி.

“அப்புறம் கரண்ட் போவுது” என்றாள் ஜெயசீலி.

மற்றப் பத்துப் பாட்டுகளுக்குச் சத்தம் வைக்க நல்ல காது ஒன்று வேண்டியிருந்தது. நசீமுன்னிசா மேடம் விடைத்தாளோடு அதே கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நிமிரவே கூடாது, எந்த வார்த்தை விளங்கவில்லையோ அப்போது சிவப்புப் பேனாவை மேலே தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. பேனா தூக்கினால் ஜெயசீலி மெஷினை இறக்குவாள், குரலை ஏற்றுவாள். இரண்டு நாளில் நூற்றிருபது விடைத்தாளும் திருத்தி முடிந்தது, பாட்டுகளும் திருந்தின. பிள்ளைகளுக்கு மதிப்பெண் எப்படி விழுந்ததோ தெரியாது.

சனிக்கிழமை அரங்கு நிரம்பியது. முன்வரிசையில் கல்லூரி முதல்வர், மேனேஜர், பெற்றோர்கள். பின்னால் கம்பெனி பஸ்ஸில் வந்த பெண்கள், ஷிஃப்ட் முடித்துத் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு. விளக்கு அணைந்தது. நாலு மூலையிலிருந்தும் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. மிக்ஸர் பின்பக்கம் வலது ஓரத்தில் இருந்ததால் ஜெயசீலிக்கு இடது கோடியில் உட்கார்ந்திருந்த முத்துமாரியின் முகம் மேடை வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. இடது மூலையில் ‘டக்’ என்று தடுத்தது. முத்துமாரி பக்கத்தில் இருந்தவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கையை நாடகம் முடிகிறவரை விடவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. முப்பது மெஷின்களும் சேர்ந்து அரங்கையே நிரப்பின. நடு மேடையில் ஹெப்சி, முகத்தில் வெளிச்சம். அவள் வாய் அசைந்தது, ஒரு சத்தம்கூட வெளியே வரவில்லை. முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். பெற்றோர்கள் மைக் போய்விட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்வரிசைகளில் சிரிப்பு கிளம்பியது. முதலில் ஒருத்தி, பிறகு வரிசை வரிசையாக இருநூறு பேர். ‘சொக்கா மேல சாம்பாரு’ வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஒருத்தி பூ அவிழ்ந்து விழுந்ததுகூடத் தெரியாமல் சிரித்தாள். மேனேஜர் திரும்பினார். முதல்வர் திரும்பினார். முன்பாதி அரங்கு முழுவதும் மேடையை விட்டுவிட்டுத் திரும்பிப் பின்னால் பார்த்தது. தங்களுக்கு எட்டாத ஏதோ ஒன்று இவர்களுக்குக் கேட்கிறது என்று அந்த முகங்களில் மலைப்பு தெரிந்தது. இத்தனை வருஷம் அந்த ஹாலில் நடந்துகொண்டிருந்தது என்னவென்று மேனேஜருக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்க வேண்டும்.

ஜெயசீலி ஒரே இழுப்பில் எல்லாப் பொத்தான்களையும் கீழே இறக்கினாள். மெஷின்கள் ஒரே மூச்சில் நின்றன. சொல்லி வைத்தபடி மின்விசிறிகளும் நின்றன.

ஒன்று. இரண்டு. மூன்று.

பின்வரிசைகளில் சிரிப்பு அறுந்தது. அந்தப் பெண்களுக்கு இந்த மௌனம் தெரியும். ஒருத்தியும் மூச்சு விடவில்லை. அதைப் பார்த்து முன்னால் இருந்தவர்களும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அறுநூறு பேர் இருக்கிற இடத்தில் ஆளில்லாத மாதிரி இருந்தது. ஜெயசீலிக்கு உடம்பு சிலிர்த்தது. கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டாள். எட்டாவது நொடியில் ஹெப்சி மைக் இல்லாமல், வெறும் தொண்டையால், கடைசி வரிசையைப் பார்த்துப் பாடினாள்.

நின்னு போச்சு மெஷினு எல்லாம்
நெசமா நானும் பாடறேன்
தச்ச ஜோடி ஊரெல்லாம் நடக்குது
தச்சவ பேர தேடறேன்

மூன்றாவது வரியில் ஜெயசீலி கண்ணை மூடிப் பார்த்தாள். பாதிதான் வந்தது. திறந்துகொண்டாள். இன்றைக்கு எதையும் கேட்காமல் விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

கைதட்டல் கூரையை முட்டியது. அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசினால்கூடக் காதில் விழாது. ஜெயசீலி எழுந்து நின்று, அரங்கின் அந்தக் கோடியில் இருந்த முத்துமாரியைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

“கேட்டுச்சாடி?”

முத்துமாரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “என் மெஷின் தடுக்கறதுகூட கேட்டுச்சுடி. பாட்டும் கேட்டுச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி உதட்டை அசைத்தாள். “காதால கேட்டனா கண்ணால கேட்டனான்னுதான் தெரியல.”

“எனக்கும்தான்” என்றாள் ஜெயசீலி. “திங்கக்கெழம வேலூர் போறேன். நீயும் வா.”

முத்துமாரி தலையாட்டினாள்.

பக்கத்தில் நின்ற நசீமுன்னிசா மேடம் அவள் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே வந்து நின்று கேட்டார். “அங்க இன்னாம்மா சொல்றாங்க?”

“கேட்டுச்சாம் மேடம்” என்றாள் ஜெயசீலி.